மாப்பிள்ளைக்குப் போட்ட சத்து ஊசி

உங்கள் அறை எங்கள் லேப்பைவிட ஜில்லென்று இருக்கிறது. பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷர். என் மகளைவிடப் பதினான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான். குழந்தை தங்கவில்லை என்றதும் என்னிடமே வந்தார். விந்தணுப் பரிசோதனைதான் என் தொழில். "நமக்குள்ளயே இருக்கட்டும் மாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். அணுக்கள் துறுதுறுவென்று ஓடின. பிள்ளை என்று ஒன்று வந்துவிட்டால் என் மகள் அந்த வீட்டோடு போய்விடுவாள். மாதிரியைச் சுடுநீர்த் தொட்டியில் சற்று நேரம் வைத்துவிட்டு, மறுபடி பார்த்து, அணுக்களில் அசைவில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன்.

அழுத்தப் புரதம் என்று ஒன்று உண்டு. சூடோ நோயோ தாக்கினால், செல்லுக்குள் மற்றப் புரதங்கள் கெட்டுப்போகாமல் தாங்கிப்பிடிக்கும். வயது ஏற ஏற அதன் கை தளர்ந்துவிடும். மாப்பிள்ளையிடம் இதைத்தான் விளக்கினேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. தொட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் அழுதுவிட்டு என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மாறாக, என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது, "அப்பா, வேற லேப்ல ஒருதரம் பார்க்கறோம்" என்றாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வேறு லேப் என்றால் என் குட்டு உடைந்துவிடும். அதனால் ரிப்போர்ட்டை மாற்றுவதை விட்டு ஆளை மாற்றினேன். புரதத்தைக் கூட்டும் சத்து ஊசி என்று சொல்லி, ஆண் ஹார்மோனைப் போட்டேன். அது வெளியிலிருந்து வந்தால், உடம்பு அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திக்கொள்ளும். "உங்களுக்குத்தான் மாமா சிரமம்" என்பார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அந்த லேப்புக்கு அவர்கள் போனபோது, ஓர் அணுகூட இல்லை. சந்தேகப்பட்டதற்காக மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அவரை விட்டு வரவில்லை. "பிள்ளை இல்லாட்டி என்னப்பா, நாங்க ரெண்டு பேர் இருக்கோமே" என்றாள்.

அதன் பிறகுதான் அளவைக் கூட்டினேன். ரத்தம் கெட்டிப்படும், இதயம் தாங்காது என்று தெரியும். ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் மேஜையடியிலிருந்த காலிக் குப்பிகளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். துக்கத்தில் இருக்கிறாள், என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. இனி அவளுக்கு என்னை விட்டால் யார்? அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று தேடிக்கொண்டு அலைவாள்.