பூட்டிய கூண்டுக்குள் பச்சையான பழம்

பழத்தோட்டக்காரர் சங்கத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! வேர் முதல் விளைச்சல் வரை விவரம் அறிந்த மூத்தோர்களே! விலை கேட்பதற்கு முன்பே காம்பைக் கிள்ளிப் பார்த்துவிடும் தாய்மார்களே! ஆய்வுக்கூடத்து அம்மையாரே! கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அக்காள் கணவரே, அருமை அத்தானே! உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

தலைவர் எனக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறது. திறந்தது யார்? ஏன் திறந்தார்? சிரிக்காதீர்கள். நான் பிறவியிலேயே அப்படி. என் கல்யாணப் படத்தில்கூட ஓரக்கண்ணால் யாரையோ பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

போன ஆண்டு கண்காட்சிக்காக, பொன்னாய்ப் பழுத்த நாற்பது ஆரஞ்சுகளை மரத்திலேயே விட்டு, ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நூல் கட்டினேன். நான் போட்ட முடிச்சு நான் மட்டுமே போடும் முடிச்சு. தோட்டத்துச் சாவியை, பதினைந்து ஆண்டுகளாகக் காவல் காக்கும் அத்தானிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போனேன். கோடை வெயில் ஏறிய பிறகு, ஆறு வாரம் கழித்துத் திரும்பினேன். என்ன கண்டேன்? நாற்பதும் நூலோடுதான் தொங்கின. ஆனால் முப்பத்தேழு பச்சை! பழுத்த பழம் பச்சையாகுமா? நரைத்த தலை தானாகக் கறுக்குமா? முன்வரிசையில் ஒருவர் தலையைத் தடவுகிறார். ஐயா, நான் சாயத்தைச் சொல்லவில்லை.

அத்தான்தான் பழத்தைப் பறித்துக்கொண்டு நூலைக் காய்க்கு மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அந்த மூன்று மட்டும் ஏன் பொன்னாக இருந்தன? என் கண்ணில் மண்ணைத் தூவ விட்டுவைத்தவை என்றேன். முடிச்சு? கற்றுக்கொண்டிருப்பார் என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நூலை நான் தொடல, மாப்பிள்ளை. ஒண்ணை அறுத்துப் பாரு."

நான் அறுக்கவில்லை. சாவியைப் பிடுங்கினேன். போதாதென்று இதே மேடையில், இதே ஒலிபெருக்கியில், என் வீட்டுக்குள்ளேயே கள்ளன் என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அன்றிலிருந்து என் அக்கா என் வாசற்படி மிதிக்கவில்லை.

இந்த ஆண்டு யாரையும் நம்பவில்லை. ஒரு பொன்னிறப் பழத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு கட்டினேன். பூட்டினேன். சாவி என் இடுப்பில். குளிக்கும்போதும் இடுப்பில். வெயில் ஏறியது. பழம் காம்புப் பக்கத்தில் பச்சை காட்டியது. பூட்டை இழுத்துப் பார்த்தேன். கூண்டைச் சுற்றி வந்தேன். என் இடுப்பையே தடவிப் பார்த்தேன். மாதம் ஒன்று ஓடுவதற்குள் பாதித் தோல் பச்சை! கள்ளன் எங்கே? கூண்டுக்கு வெளியே நின்றவன் நான் ஒருவன்தான்.

பழத்தோடு இந்த அம்மையாரிடம் ஓடினேன். தோலைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். லென்ஸுக்கு அடியில் படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், அவர் பொறுத்துக்கொண்டார். தோலின் ஒவ்வொரு செல்லிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் உண்டாம்; கணிகங்கள் என்று பெயர். காயில் அவை பச்சையம் நிறைந்த பசுங்கணிகங்கள். பழுக்கும்போது பச்சையம் சிதைகிறது, உள்ளே இருக்கும் அடுக்குகள் கலைகின்றன, மஞ்சளும் செம்மஞ்சளும் சேர்கின்றன. அதே பைதான், இப்போது வண்ணக்கணிகம்! நம் ஆரஞ்சைப் போன்ற சில வகைகளில், மரத்திலேயே விட்டுவைத்தால், வெதுவெதுப்பும் வெளிச்சமும் பட்டு வண்ணக்கணிகம் மறுபடி பசுங்கணிகமாகிறது. அந்த மூன்று பழங்கள்? இலை நிழலுக்குள் ஒளிந்திருந்தவை.

அம்மையார் பழத்தை அறுத்துக் கொடுத்தார். இனிப்பு. போன ஆண்டே ஒரு கத்தி எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்!

எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோலைப் பார்த்துப் பழத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்த்து மனிதரைச் சொன்னேன். முப்பத்தேழு பழங்கள் உண்மையைச் சுமந்துகொண்டு தொங்கின. நான் முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்! கண்ணுக்கே தெரியாத ஒரு கணிகம் தான் போன வழியில் திரும்பி வருமென்றால், ஆறடி வளர்ந்த நான் திரும்பி வரக்கூடாதா? கள்ளன் என்று கத்திய இதே ஒலிபெருக்கியில் சொல்கிறேன்: திருடியவர் அவரல்ல. அவருடைய நல்ல பெயரைத் திருடியவன் நான்!

அத்தான், இதோ தோட்டத்துச் சாவி. மேடைக்கு வாருங்கள். வழிவிடுங்கள், வருகிறார். வாங்குகிறார். வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்க்கிறார். ஏதோ கேட்கிறார். என்ன அத்தான்? இங்கேயே சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"இது அந்தச் சாவிதானா, மாப்பிள்ளை? பூட்டைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

கேட்டீர்களா? கைதட்டுங்கள், இந்த முறை அவருக்கு. நான் கூடவே போய்க் கதவருகில் நிற்க வேண்டும். திறக்கும்வரை அவர் என்னை நம்பப் போவதில்லை, நம்பவும் வேண்டாம். அதனால் பேச்சை இத்துடன் முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நுண்ணோக்கியைத் திறந்துவைத்த அம்மையாருக்கும், மூடியைத் திறந்துவைத்த தலைவருக்கும் நன்றி, வணக்கம்.