செங்கல்வராயன் சாப்பிட்ட பத்து நாள்

...அதில்ல டிரைவர் அண்ணாத்தே, உங்க ஆபீசர் மேல எனக்குக் கோவமே இல்ல. சத்துணவு ஆடிட்டுன்னு வந்தாரு, பண்ணட்டும். அரிசி மூட்டைய எண்ணட்டும், பருப்ப நிறுக்கட்டும், எண்ணெ டின்னுல குச்சி வுட்டுப் பாக்கட்டும். அத்த வுட்டுட்டு பேரு படிக்கிற வேல அவருக்கு இன்னாத்துக்கு? அதுக்குத்தான் எங்க இஸ்கூல்ல பார்வதம் அக்கா கீறாங்களே. சத்துணவு அமைப்பாளர். தெனம் மத்தியானம் மணி அடிச்சதும் வராண்டாவுல உக்காந்துகினு, நோட்டுலேர்ந்து தலைய நிமித்தாம, ‘ஆதிமூலம்... கோதண்டம்...’

இன்னா அப்படிப் பாக்குற? ஆமா, அக்கா கொரல்தான். மூக்கால பேசணும், கடைசில இழுக்கணும். நம்மகிட்ட எல்லாக் கொரலும் கீது. ஹெட்மாஸ்டர் இருமல் வேணுமா? பாடி பஸ் ஸ்டாப்புல ‘எஸ்டேட், எஸ்டேட், ஏறு ஏறு’ன்னு கத்தற கண்டக்டர் வேணுமா? உங்க திருவேங்கடம் சாரக்கூட அரை மணி நேரத்துல புட்ச்சிட்டேன். ‘ஐ சீ... ஐ சீ... ரெஜிஸ்டர எடுங்கம்மா.’ சிரிக்காத, உள்ள கேட்டுரப்போவுது. நீ ஜீப்லயே உக்காரு, டீ அப்பறம் குடிக்கலாம்.

கேளு. போன வருஷம்தான் பத்தாவது வரைக்கும் சத்துணவுன்னு அரசாங்கம் சொல்லிச்சி. நான் ஒம்பதாவது. ஜூன் மாசம் வாத்தியார் கேட்டாரு, ‘யார் யார் பேரு குடுக்குறீங்க, எழுந்து நில்லுங்க’ன்னு. பாதி கிளாஸ் எழுந்துச்சி. இந்தத் தொர மட்டும் எழுந்திருக்கல. எங்கப்பா பாடியில ஒரு கம்பெனில ஃபிட்டரு, டிபன் பாக்ஸுல எலுமிச்ச சாதம், மேல அப்பளம். சரி, சும்மா உக்காந்திருக்கலாமில்ல? தட்டு எடுத்துகினு லைன்ல போறவன் ஒவ்வொருத்தன் மாதிரியும் நடந்து காட்டினேன். தட்டு மோதுற சத்தத்தக்கூட வாயால வுட்டேன். கிளாஸே உருண்டுச்சி. செங்கல்வராயன் ஒருத்தன்தான் சிரிக்கல. அவன் பேசினா கொசு பறக்குற மாதிரி இருக்கும். அவன் கொரல்தான் என் கச்சேரியில மொத ஐட்டம்.

ஆகஸ்டுல அப்பா கம்பெனி கேட்டுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. டிபன் பாக்ஸ் மட்டும் வழக்கம்போல வந்துகினு இருந்துச்சி, உள்ள ஒண்ணும் இல்லாம. வெயிட்டு தெரியணுமேன்னு நாலு ஜல்லி போட்டு எடுத்தாருவேன். பை ஆடுனா எலுமிச்ச சாதம் கடகடன்னு சத்தம் போடும். எந்த ஊட்லயாவது அப்படி சாதம் பாத்துகீறியா?

அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சி போல. ஒரு நாள் கொழாயாண்ட வவுறு ரொம்பத் தண்ணி குட்ச்சிகினு கீறேன், பக்கத்துல வந்து மெதுவா, ‘கஜபதி, உன் பேரு எழுதிக்கவா?’ன்னாங்க. அவ்ளோதான் வேல. தலைய ஆட்டினா முட்ஞ்சிது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அவங்க கொரல்லயே, மூக்கால, ‘வாணாம்மா... எங்க ஊட்ல சோறு கீதும்மா’ன்னேன். பசங்க சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாங்க. என் வவுறு மட்டும் சொந்தக் கொரல்ல கத்துச்சி.

அப்பத்தான் செங்கல்வராயனுக்குப் பொன்னுக்குவீங்கி. ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி வீங்கி, கள்ளிக்குப்பத்துல ஊட்டோட படுத்துகினான். மத்தியானம் அக்கா அவன் பேரப் படிக்கிறாங்க. கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி நானு. என் வாய் என்னக் கேக்காமயே கொசு வுட்டுச்சி, ‘உள்ளேங்கா’ன்னு. நாகம்மா ஆயா கரண்டி போடறப்ப தட்டத்தான் பாக்கும், மூஞ்சியப் பாக்காது. தட்டு நெறஞ்சிது. பத்து நாள், அண்ணாத்தே. அங்க அவன் கஞ்சி குட்ச்சான், இங்க அவனே சாம்பார் சாதமும் சாப்ட்டான்.

இன்னிக்குப் பாரு, உங்க சாரே நோட்ட வாங்கிப் படிக்கிறாரு. ‘செங்கல்வராயன்.’ நானும் எடுத்து வுட்டேன். ‘உள்ளேன் ஐ...’ அங்கதான் ஒடஞ்சிது. போன வாரத்துலேர்ந்து தொண்ட ஒரு மாதிரி கீது, மீச மொளைக்கிற வயசுன்னு அம்மா சொல்லுது. ஆரம்பம் கொசு, முடிவு லாரி ஹாரன். மொத்த வராண்டாவும் திரும்பிச்சி. சார் கண்ணாடியக் கழட்டி, ‘யாருப்பா அது, எழுந்திரு’ன்னாரு. நான் தூணோட தூணாயிட்டேன். ஒருத்தனும் எழுந்திருக்கல. ஒடனே கிளாஸ் அட்டெண்டன்ஸக் கொண்டாரச் சொல்லி ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. கிளாஸ்ல பத்து நாள் ஆப்சென்ட்டு. சாப்பாட்டுல பத்து நாளும் ஆஜரு. ‘ஐ சீ... வராத பையன் பேருல அரிசி எங்கம்மா போச்சு?’

அக்கா நேரா தூணப் பாத்தாங்க. என்னப் பாத்தாங்க. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சிகினாங்க. அப்பத்தான் எனக்கு ஒறச்சிது, பத்து நாளும் அவங்களுக்குத் தெரிஞ்சேதான் கீது. ‘தோ அவன்தான் சார்’ன்னு வெரல நீட்டியிருந்தா போதும். நீட்டல. ரெண்டு பொண்ண வெச்சிகினு ஒத்த ஆளா நிக்கிறவங்க அண்ணாத்தே. சார் எழுதற ரிப்போர்ட்டு மேல போச்சுன்னா அவங்க வேல காலி.

நான் இன்னா பண்ணேன்? வவுத்து வலின்னு சொல்லி வெளிய ஓடியாந்துட்டேன். சாப்ட்டது அவன் பேருல, வலி மட்டும் என் பேருல.

இன்னா தேடற? பாக்கெட்டுல இல்ல. சீட்டுக்கு அடியிலயும் இல்ல. சாவி எங்கிட்ட கீது. நீ பீடி வாங்கப் போனப்ப எடுத்தேன். மொறைக்காத. உங்க சார் கெளம்பிட்டா நான் யார்கிட்டப் போயி சொல்றது? எனக்குத் தைரியம் வர்ற வரைக்கும் ஜீப்பு நிக்கணுமில்ல.

தோ, படி எறங்கறாரு. கையில காயிதம். பின்னால அக்கா.

இந்தா, புடி சாவிய. இவ்ளோ நேரம் யார் கொரல்ல சொல்லலாம்னுதான் யோசிச்சிகினு இருந்தேன். ஹெட்மாஸ்டர் கொரல் எடுபடுமான்னுகூடப் பாத்தேன். வாணாம். கொசுவோ ஹாரனோ, வர்றது வரட்டும்.

சார்... சார், ஒரு நிமிஷம். செங்கல்வராயன் நான்தான் சார். இல்ல... கஜபதி, ஒம்பதாவது. பத்து நாளும் சாப்ட்டது நானு. உள்ளேன் சார்.

அக்கா... என் பேர எழுதிக்கோங்கக்கா.