உச்சமுனைக்கான புது இயந்திரம்

புதுப் பொருள் என்றால் எனக்கு உயிர். பெருநாள் சட்டையைப் பெருநாளன்றும் உடுக்காமல், அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை நான். உம்மா ஏசுவா.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா. மீனவர்களின் போனுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்புவது எங்கள் கம்பனியின் வேலை. ஊருக்கு ஒரு மெய்நிகர் இயந்திரம். கணினிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி. நான் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்தால், அதிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். டெம்ப்ளேட்டை மட்டும் இயக்கக்கூடாது. இயக்கினால் தனக்கென்று ஓர் அடையாளம் எடுத்துக்கொள்ளும், குப்பை சேரும். இயக்காமலே அதைச் செய்து முடித்த அன்று கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். நான், ஆட்களைக் கண்டால் தலை குனிகிறவள், வாய்விட்டுச் சிரித்தேன்.

பிரதிகளை இயக்கத்தான் வேண்டும். மாம்புரிக்கும் நுரைச்சோலைக்கும் உரியவற்றை என்னோடு வேலை செய்யும் அஸ்மின் இயக்கினான். சற்று நேரத்தில் இரண்டிலும் பிழைச் செய்திகள். உச்சமுனைக்குரியது என் பொறுப்பு. அதை இயக்க எனக்கு மனம் வரவில்லை.

"உச்சமுனை சரியா?" என்று கேட்டான்.

"ஓம், ரெடி."

அது பொய் இல்லை.

பிறகு காற்று எச்சரிக்கை வந்தது. மற்ற இரண்டு ஊருக்கும் போனது. உச்சமுனைக்கான எச்சரிக்கை திரையில் காத்துக்கிடந்தது. இயந்திரத்தை இயக்க ஒரு பொத்தான் போதும். விரலை வைத்தேன். பெருநாள் காலைபோல உடம்பெல்லாம் குறுகுறுத்தது. விரலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உச்சமுனையிலிருந்து என் சிநேகிதி ரம்ஸியா அழைத்தாள்.

"என்னடி கம்பியூட்டர்காரி, மெசேஜ் ஒண்டையும் காணல்ல? இவர் போட்டக் கடலுக்குத் தள்ளப் போறார்."

காற்று வருகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், மெசேஜ் ஏன் வரவில்லை என்று கேட்பாள். யாராவது இயந்திரத்தை இயக்கிவிடுவார்கள்.

"மெசேஜ் வரல்லண்டா என்னத்துக்குடி பயம்?"

"அப்ப போகச் சொல்றன். பெரிய மீன் உனக்குத்தான். அதையும் அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிராத."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

அவளுடைய புருஷன் றிம்ஸான் திரும்பவில்லை. அவனோடு போன இரண்டு பேரும் திரும்பவில்லை. எச்சரிக்கையைத் தெரிந்தே நிறுத்தியவள் நான்தான். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையொப்பம் வைக்கிறேன். ஒன்றே ஒன்று, ஐயா. ஆதாரத்துக்கென்று அந்த இயந்திரத்தை இயக்கிவிடாதீர்கள். அதில் இன்றுவரை ஒரு பிழைகூட நடக்கவில்லை.