மஞ்சள் நீர் பட்ட சட்டை

ஊர்த் திருவிழாவான நோம்பி முடிந்த கூட்டத்தோடு ஈரோடு திரும்பும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் நீர்.

"ஜன்னல் பக்கம் உக்காருங்க. வெயில் பட்டா மஞ்சக் கறை தானா போயிருமுங்க."

"வேண்டாம் அம்மணி. எனக்கு நெழலே போதும்."

"புதுச் சட்டைங்க!"

"மாமன் மச்சான் முறை இருந்தாத்தானே ஊத்துவாங்க? உன்ற ஊட்டுல ஒத்துக்காத நம்ம கல்யாணத்துல இருந்து உங்க ஊரு ஒவ்வொரு நோம்பிக்கும் ஓரமா நின்னு, நனையாமத்தான் திரும்பினேன். இன்னைக்கு உன்ற அண்ணன் குடத்தோட தொரத்திட்டு வந்து, 'மாப்பிள்ளை, நில்லுங்க'ன்னு ஊத்திப்போட்டாரு."

அந்த அம்மா எட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.

"ஊட்டுக்குப் போயும் நெழல்லயே காயப்போடறனுங்க."