மடியில வாளி

இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்றது தம்பி? வாளிக்கு லக்கேஜ் டிக்கெட்டாம்! கொழந்தைய மடியில வச்சா டிக்கெட் கெடையாது, வாளிய மடியில வச்சா மட்டும் டிக்கெட். கொழந்தையாவது கத்தும், சீட்டு மேல கால வைக்கும்... இது என்ன பண்ணுது, தேமேன்னு உக்காந்திருக்கு. காலையில வந்த பஸ்ல கண்டக்டர் வாளியப் பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கல. இந்தாளுக்கு மட்டும் என்ன வந்துச்சு? கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. ஐயோ, எந்திரிக்காதீங்க, நீங்க சன்னல் பக்கமே இருங்க. எனக்கு இடம் போதும். வாளிக்குத்தான் போதல.

தண்ணி சிந்திடுச்சா? பேண்ட்லயா? காஞ்சிடும் விடுங்க. நல்ல தண்ணிதான்... நல்ல தண்ணின்னா, கால்வாய்த் தண்ணி. கறை புடிச்சா எங்கிட்ட கேளுங்க, எப்படி எடுக்கிறதுன்னு சொல்றேன். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில துப்புரவு சூப்பர்வைசர் நான். ரிட்டயராகி மூணு வருஷமாச்சு, இன்னிக்கும் அங்க போய் பினாயிலம்மான்னு கேட்டுப் பாருங்க, தெரியாத ஆளே கெடையாது. பெரிய டாக்டரே நான் தொடச்ச தரையில செருப்பக் கழட்டிட்டுத்தான் நடப்பாரு.

உள்ள என்னன்னுதானே பாக்குறீங்க? ஒண்ணுமில்ல, ஆகாயத்தாமரை. பாத்திருப்பீங்களே, ஊதாப் பூ பூத்து, குளம் குட்டையெல்லாம் மூடிக்கிட்டு நிக்குமே, அதான். எதுக்குன்னு கேக்குறீங்களா? கேக்கலயா? பரவாயில்ல, சொல்றேன். உங்க ஸ்டாப்பு வர நேரமிருக்குல்ல?

எனக்கு ஒரே பொண்ணு தம்பி. ஊருல புள்ளைங்கள்லாம் டாக்டருக்குப் படிக்குது, இஞ்சினியருக்குப் படிக்குது. எம்பொண்ணு களைக்குப் படிச்சா. களைன்னா, வேற எங்கயோ இருந்து வந்து இங்க இருக்கிறதயெல்லாம் அமுக்கிட்டு வளருது பாருங்க, அந்த மாதிரி செடி. இந்த ஆகாயத்தாமரைய மட்டும் திங்கிற வண்டு ஒண்ணு இருக்காம். எள்ளு மாதிரி இருக்கும். அத வளக்கிறா. எங்க? என் சமையக்கட்டுல, என் டப்பாவுல! டப்பாவத் தொறந்தா பருப்பா வண்டான்னு பாத்துட்டுத்தான் உள்ள கைய விடணும். ஒரு தடவ பாக்காம விட்டுட்டேன்... சரி, அது சாப்புடுற நேரத்துல சொல்ற கதை இல்ல.

அசையாதீங்க. உங்க காலர்ல அந்த வண்டு ஒண்ணு ஏறுது, செடியோட வந்திருக்கு. கடிக்காது, அது சைவம்... வா, வா ராசா, உள்ள போ. இந்தா, போயிடுச்சு.

எங்க குடியிருப்புக்குப் பின்னாடி ஒரு குளம். பெரிசில்ல, பள்ளிக்கூட மைதானத்துல பாதி இருக்கும். கரையிலிருந்து கரைக்கு இந்தச் செடி. தண்ணியே தெரியாது. பந்து உள்ள விழுந்தா முழுகாது, மெத்தையில கெடக்கிற மாதிரி கெடக்கும். கொசுன்னா கொசு, ஒவ்வொண்ணும் ஒரு சைஸுல. அப்பதான் எம்பொண்ணு சொன்னா, அம்மா, இதுக்கு ஒரு மானியம் இருக்கு, ஒரு பாதி ஆராய்ச்சிக்கு, ஒரு பாதி ஊருசனம் சேந்து களைய ஒழிக்கிறதுக்கு. ஆராய்ச்சிப் பாதியில அவளுக்கு ரெண்டு வருஷம் சம்பளம். காலேஜுல அவ வேல போன சித்திரையோட முடிஞ்சு போச்சு தம்பி. இது கெடைக்கலன்னா பூச்சிமருந்துக் கம்பெனிக்கு விக்கிற வேலைக்குப் போறேங்குறா. பூச்சிக்குப் பேரு வச்சு வளத்தவ பூச்சிமருந்து விக்கப் போறதா? சொல்லுங்க. எனக்கு நெஞ்சு ஆறல.

சரின்னு எழுதிப் போட்டோம். அந்தப் படிவம் இருக்கே... முப்பத்தாறு பக்கம்! எங்க குடியிருப்புச் சங்கத் தலைவரு கணக்கு வாத்தியாரா இருந்தவரு, அவரே ரெண்டாம் பக்கத்துல கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாரு. 'ஊர்மக்களை எவ்விதம் ஒன்றுதிரட்டுவீர்கள்?' இது ஒரு கேள்வி. அதுக்கு மட்டும் நாலு பக்கம் காலி எடம். எங்க சனத்த ஒண்ணு தெரட்டுறதா? தண்ணித் தொட்டி கழுவக் கூப்பிட்டா ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்குக் கல்யாணம். எவ்விதம் தெரட்டுறதாம்? அப்புறம் பதினேழாவது கேள்வி. 'இச்செடியை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல மாட்டோம் என உறுதி கூறுகிறோம்.' கீழ கையெழுத்து. போட்டது யாரு? செயலாளரு. செயலாளரு யாரு? நாந்தான்.

ஏன் தம்பி வாளியவே பாக்குறீங்க? நான் எங்க எடுத்துட்டுப் போறேன்? பஸ்ஸுதானே எடுத்துட்டுப் போகுது!

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க? இப்ப மடியில அஞ்சு கிலோ இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், அதிகாரியம்மா. மானியம் குடுக்கிற ஆபீஸ்லருந்து குளத்த நேர்ல பாத்து அளவெடுக்க வந்தாங்க. நல்ல மாதிரிதான், சிரிச்ச முகம். கோலு, வலை, கேமரா எல்லாம் கொண்டாந்தாங்க. எம்பொண்ணு முன்னாடி போறா, வாங்க மேடம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பாருங்கன்னு கைய நீட்டுறா. பாத்தா... குளத்துல ஒரு செடி இல்ல! தண்ணி கண்ணாடியாட்டம் நிக்குது. வாத்து நீந்துது தம்பி! அந்தக் குளத்துல வாத்து வந்து எத்தன வருஷமாச்சு! எம்பொண்ணு நீட்டுன கை நீட்டுனபடியே நிக்குது. அந்தம்மா நோட்டுல எழுதுறாங்க. களையின் பரப்பு, பூஜ்யம். 'இல்லாத நோவுக்கு மருந்து கேக்குறீங்களேம்மா'ன்னு ஒரு வார்த்தை. கோலயும் வலையயும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

என்ன ஆச்சா? என்ன ஆகும்... யாரோ ஒரு புண்ணியவதி அவங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தயும் புடுங்கிட்டா. யானை தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்கும்பாங்க, அந்தக் கதைதான். யாருன்னு கேக்காதீங்க. அது எதுக்கு இப்ப? பேரச் சொல்லி என்ன ஆகப் போகுது? நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பா. ஒரு அதிகாரி வர்றாங்கன்னா குப்பையும் கூளமுமா போட்டு வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுக்கு ஒருத்தர் வர்றாங்கன்னா நீங்க பெருக்காம வைப்பீங்களா? மாட்டீங்கல்ல? அத சொன்னா எம்பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குறா...

ஏன் சிரிக்கிறீங்க?

சரி, நாந்தான். நாந்தான் பண்ணேன், போதுமா?

இங்க பாருங்க, முப்பத்தொரு வருஷம் தம்பி. இன்ஸ்பெக்‌ஷன்னு ஒரு சொல்லு காதுல விழுந்தா என் கை தானா தொடப்பத்தத் தேடும். எங்க ஆஸ்பத்திரியில ஒரு தடவகூட ஒரு குறை எழுதுனதில்ல யாரும். இவ ரெண்டு நாளு வெளியூரு, கருத்தரங்கு, அதிகாரி வர்ற அன்னிக்குத்தான் திரும்புனா. போறப்ப என்ன சொல்லிட்டுப் போனா? 'அம்மா, வியாழக்கிழமை அதிகாரி வர்றாங்க, குளத்தப் பாத்துக்கோ.' பாத்துக்கோன்னா நான் என்னன்னு எடுத்துக்குவேன்? காலையில அஞ்சு மணிக்கு ஒவ்வொரு கதவாத் தட்டுனேன். முதுகுவலிக்காரரு வந்தாரு. கணக்கு வாத்தியாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்குனாரு. இருபத்திரெண்டு பேரு தம்பி, ரெண்டு நாளு, கழுத்தளவு தண்ணியில! புடுங்கிக் கரையில காயப்போட்டு, சாக்குல கட்டி, குப்பை லாரில ஏத்தி அனுப்பினோம். கடேசியா நான் கரையச் சுத்தி பிளீச்சிங் பவுடர்ல நேரா ஒரு கோடு போட்டேன். பாக்கவே வார்டு மாதிரி இருந்துச்சு.

எம்பொண்ணு கத்தல. கத்தியிருந்தா தேவல. என்னையப் பாத்தா, குளத்தப் பாத்தா, அந்த வெள்ளைக் கோட்டப் பாத்தா... உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. இன்னியோட ஒம்பது நாளு. எங்கூட ஒரு வார்த்தை இல்ல. எங்களுக்கு நடுவுல ஃப்ரிட்ஜுதான் பேசுது. 'பால் இல்லை'ன்னு அவ ஒரு சீட்டு ஒட்டுவா. 'வாங்கியாச்சு'ன்னு நான் ஒண்ணு ஒட்டுவேன். நேத்து நான் 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு ஒட்டுனேன். இன்னும் அப்படியேதான் இருக்கு, பதிலு ஒட்டல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவ கொரலு கேக்காம இருக்கிறது... வேணாம், விடுங்க.

ராத்திரி ஃப்ரிட்ஜுல ஒரு புதுச் சீட்டு. எனக்கில்ல, அவளுக்கே எழுதிக்கிட்டது. 'நாளை மூணு மணி, அதிகாரி, குளம்.' புரிஞ்சிடுச்சு எனக்கு. மறுபடியும் அளவெடுக்க வர்றாங்க! களை இல்லன்னுதானே போனாங்க? களை இருந்தா குடுப்பாங்கல்ல? புடுங்குனவ நான், நட வேண்டியவளும் நாந்தானே. இந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புக் கால்வாயில இது மண்டிக் கெடக்கு, அதான் கெளம்பிட்டேன். அவகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றது, ஃப்ரிட்ஜுல ஒட்டியா?

இருங்க, போனு. எங்க வச்சேன்... இந்த வாளிய ஒரு நிமிஷம் புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க தம்பி, சாய்க்காதீங்க.

ஹலோ? ஹலோ, யாரு? ...கண்ணு? கண்ணு, நீயா பேசுற? ...இல்ல, அழல. பஸ்ஸு, தூசி. பேசு, நீ பேசு, நான் கேக்குறேன். ...தம்பி, பேசிட்டா தம்பி, அம்மான்னுட்டா! ...இல்லம்மா, பக்கத்து சீட்டுத் தம்பிகிட்ட சொன்னேன். சொல்லு. ...ம். ...ம். ...அந்தம்மாவா? அவங்களே போன் பண்ணாங்களா? ...நான் புடுங்குனது நல்லதாப் போச்சா? இன்னொரு தடவ சொல்லு கண்ணு, பஸ் சத்தத்துல விழல. ...எத்தனையோ ஊருக்குக் காசு குடுத்தும் சனம் சேரல, இங்க காசே குடுக்காம இருபத்திரெண்டு பேரு எறங்குனாங்களா! அப்படியா சொன்னாங்க? ...ஓ. ...நீ புதுசா எழுதிப் போட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை... சரி சரி, நீதான் பேசலயே. ...களைய ஒழிச்ச குளத்துல அது திரும்ப மொளைக்குதான்னு ரெண்டு வருஷம் காவல் காக்கணுமா? அது ஆராய்ச்சியா? அதுக்கு உனக்குச் சம்பளமா! என் தங்கமே! ...ஆங். மூணு மணிக்கு. வந்து பாப்பாங்க. தண்ணி சுத்தமா இருந்தா அங்கயே கையெழுத்து. ...எப்படி இருக்கணும்? ...ஒரு இலைகூடவா? ...ஒண்ணே ஒண்ணுகூடவா? ஒரு சின்ன... இல்லம்மா, சும்மா கேட்டேன். ...எங்க இருக்கேனா? பஸ்ல. காய் வாங்க வந்தேன். ...கண்ணு, நீ இப்ப குளத்துப் பக்கம் போகாத. வெயிலு. நான் சொல்றதக் கேளு, தலைவலி வரும். வீட்டுலயே இரு. ...ஆங், நானும் சாப்பிடல, சேந்து சாப்பிடுவோம். வச்சிடு.

தம்பி.

கேட்டீங்கல்ல? அம்மா, நீ பண்ணதுதான் நம்மளக் காப்பாத்துச்சுங்குறா. ஒம்பது நாளைக்கு அப்புறம் மொத வார்த்தையே அதுதான். எனக்கு இப்ப சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

வாளிதானே, கொட்டிட்டாப் போச்சுங்குறீங்களா? எங்க கொட்டுறது? சாக்கடையில கொட்டுனா சாக்கடையில மண்டும். எம்பொண்ணு சொல்லியிருக்கா, ஒரு செடி போதுமாம், ஒரு குளத்த மூட. ஆனா... இந்த வாளி பிரச்சனையில்ல தம்பி. இத மூடி வீட்டுக்குக் கொண்டுபோய் வண்டு டப்பாவுல போட்டா அதுங்க தின்னுட்டுப் போகுது.

இது ரெண்டாவது வாளி.

மொத வாளிய காலையில ஏழு மணி பஸ்லயே கொண்டாந்து குளத்துல விட்டுட்டேன். ஒரே எடத்துல போட்டா சந்தேகம் வருமேன்னு நாலு மூலைக்கும் பிரிச்சு, நடுவுல கொஞ்சம் வீசி... பாக்க இயற்கையா இருக்கணும்ல. எனக்கு எதயும் அரைகொறையா செய்ய வராது தம்பி, அதான் என் கெட்ட கொணம்.

என்ன, எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப்பா? இப்பதானே ஏறுனீங்க? உங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு ஒரு வார்த்தை மட்டும்... தம்பி! ஒரு அரைமணி நேரம்தான்! பேண்டு ஏற்கெனவே நனைஞ்சுதானே இருக்கு! தம்பி... ஓடுற பஸ்லருந்து எறங்காதீங்க!

போயிட்டாரு. நல்ல புள்ள. வாளியச் சிந்தாம வச்சிட்டுப் போயிருக்கு.

ஹலோ, வாத்தியாரே? நாந்தான், பினாயிலம்மா. வேட்டிய மடிச்சுக் கட்டுங்க. எல்லாக் கதவயும் தட்டுங்க, முதுகுவலிக்காரரையும் விடாதீங்க. எம்பொண்ணு கதவ மட்டும் தட்டாதீங்க. ...ஏன்னு அப்புறம் சொல்றேன். டிரைவரய்யா, கொஞ்சம் வெரசாப் போங்க! மூணு மணிக்குள்ள குளத்தச் சுத்தம் பண்ணணும், அதிகாரி வர்றாங்க!