கோட்டயத்து விலை

— நேத்தே வயர் அறுந்துபோச்சு, நெட்டும் இல்ல. பெறகு எப்படி, யாஸ்மின், இன்னைக்குக் காலையில கோட்டயத்துத் திராட்சை விலைய மைக்குல சொன்ன?

— அறுந்துச்சா, அறுத்தாகளா மாமு? கத்தி வச்ச மாதிரியில்ல இருக்கு.

— அத விடு. கேட்டதுக்குப் பதிலச் சொல்லு.

— நான் சொன்ன விலை சரியா, தப்பா?

— சரியா இருக்கவும்தான எனக்கு எரியுது. நம்ம மண்டியில காலங்காலமா எப்படி யாவாரம்? வாங்க வந்தவரும் நானும் துண்டுக்கு அடியில வெரலப் பிடிச்சு விலை பேசுவோம். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. அது யாவாரத்துக்கு மரியாதை. நீ தகவல் மையம்னு ஒரு போர்டு மாட்டிட்டு, கொழா ஸ்பீக்கரக் கட்டி ஊருக்கே கத்துற.

— தோட்டக்காரவுகளுக்கும் தெரியாதே மாமு. பந்தல் போட்டு, மருந்தடிச்சு, காவல் கெடந்தது அவுக. பழத்துக்காரவுகளுக்கே மறைக்கிறது என்ன மரியாதை?

— மையம் ஆரம்பிச்ச மதுரைக்காரவுக நாலு மெஷினக் குடுத்துட்டுப் போயிட்டாக. மழையில சரக்குத் தேங்குனா உன் கம்ப்யூட்டரா வாங்கிக்கிரும்? நாந்தான லாரி பிடிச்சு ஏத்துறேன்.

— இல்லன்னு யாரு சொன்னா? கோட்டயம், மதுரை, ஒட்டன்சத்திரம், எல்லா மையத்துலயும் என்னாட்டம் ஒரு புள்ள உக்காந்து விலைய அனுப்புது. அதக் கேட்டுட்டும் உங்ககிட்டத் தர்றவுக தரட்டுமே.

— முந்தாநேத்து சுருளியாண்டி என்ன சொன்னான் தெரியுமா? கோட்டயத்து விலைக்குப் பக்கத்துல குடுங்க, இல்லன்னா நாங்களே லாரி பிடிச்சுக்கிறோம்ங்கிறான். அவுக அப்பன் காலத்துலருந்து நம்ம மண்டிக்குப் போடுறவன்.

— நல்லாத்தான கேட்டிருக்காரு.

— இந்தா பாரு. இந்த ரூம் என்னோடது. அக்கா மகளாச்சேன்னு சும்மா விட்டுருக்கேன். பரீட்சை ரிசல்ட்டு பாரு, வேலைக்கு எழுதிப்போடு, நான் வேண்டாங்கல. விலை மட்டும் சொல்லப்படாது. இல்லன்னா சாவியக் குடு.

— பிடிங்க சாவிய. மைக்கும் கொழாயும் தோட்டக்காரவுக சங்கத்துது. பள்ளிவாசல் முக்குல ஸ்டூலப் போட்டு உக்காந்து சொல்லுவேன்.

— நெட் இல்லாம எதப் பாத்துச் சொல்லுவ? எவனோ உனக்குப் போன் போட்டுச் சொல்றான். யாருன்னு மட்டும் சொல்லு, ரூம நீயே வச்சுக்க.

— ரூம் போனாப் போகுது மாமு. ஆளக் காட்டிக் குடுக்க மாட்டேன்.

— கோட்டயத்து யாவாரி, அந்தச் சேட்டன், விடிய முன்னாடி எங்க வீட்டு போனுக்குத்தான் கூப்புட்டு விலை சொல்றான். மண்டியில ஒருத்தனுக்கும் தெரிய வழியில்ல. பெறகு எவன்?

— வாங்க மாமி. நீங்க எதுக்கு இங்கன வந்தீக?

— உங்க மாமு சாவி கேக்கப் போயிருக்காகன்னு சொன்னாக. அதான் வந்தேன். சாவிய அவகிட்டயே குடுங்க.

— பாத்திமா, நீ வீட்டுக்குப் போ. இது யாவாரப் பேச்சு.

— எங்க அத்தா தோட்டத்துப் பழத்தையும் நீங்கதான வித்தீங்க. என்ன விலைக்குப் போச்சுன்னு மருமகன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு, கேக்காமலே மவுத்தாப் போனாக. எனக்கு அது ஆறவே மாட்டேங்குது.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— நீங்க போன்ல பேசுறது அடுப்படி வரைக்கும் கேக்கும். யாஸ்மின், மைக்கப் போடு. இன்னைக்கு விலைய எம் பேரச் சொல்லி நானே சொல்றேன்.