பச்சைப் பட்டு அங்கி

நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள் அதிகாரி ஐயா, நல்லதாகப் போயிற்று. என் முழங்கால் இப்போதெல்லாம் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நான் வந்தது ஒரு புகார் கொடுக்க. நீங்களோ நான் வந்ததிலிருந்து அம்மைநோயைப் பற்றியே கேட்கிறீர்கள். சரி, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைக்க எனக்குத் தெம்பில்லை.

பெயர் ஹெரோனிமா. பியூப்லா நகரத்து ஸ்பானிய விதவை. ஒரே மகள் லியோகாடியா. ஈஸ்டர் கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று இருந்தது. கல்யாண அங்கிக்கு மணிலாக் கப்பலில் வந்த பச்சைப் பட்டு. தைத்தவள் செவெரினா, எங்கள் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் கிரிகோரியாவின் மகள், கலப்பினத்தவள். கிரிகோரியாவின் பாலைக் குடித்துத்தான் என் மகளும் வளர்ந்தாள். பெண்கள் இருவரும் ஒரே உயரம். அதனால் செவெரினா அங்கியைத் தன்மேல் வைத்தே அளவு பார்த்துக்கொள்வாள்.

“தைக்கிற வரைக்கும் எனக்கு, தைச்சு முடிச்சா உனக்கு. ராஜாவோட சட்டம் ரொம்ப நியாயமானதுடி,” என்பாள்.

“உன் நாக்குக்கும் ஒரு சட்டம் போடச் சொல்லணும்,” என்று என் மகள் சிரிப்பாள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததா. கலப்பினப் பெண்ணுக்குப் பட்டு கூடாது, முத்து கூடாது, நீள முக்காடு கூடாது. இடுப்புவரை தொங்கும் குட்டை முக்காடு போதும்.

குளிர் விடும் சமயத்தில் லியோகாடியாவுக்கு அம்மை வந்தது. எனக்குச் சிறுவயதிலேயே வந்து போய்விட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் நானே பார்த்துக்கொண்டேன். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கடைசி நான்கு நாள் அந்த அங்கியைப் போட்டுவிடச் சொன்னாள். போட்டுவிட்டேன். அதிலேயே போய்ச் சேர்ந்தாள். எங்கள் குடும்பங்களில் அடக்கத்துக்குத் துறவிகளின் சாக்குநிற உடைதான் வழக்கம். அதை உடுத்திவிட்டு அங்கியை மடித்து வைத்தேன். நகரசபை ஆணைப்படி மெத்தை, போர்வை எல்லாவற்றையும் எரித்தார்கள். அங்கியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதுவரை என் மனத்தில் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள் பூசை. கோயிலில் எனக்கு முன்னால் நீள முக்காட்டோடு ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். அதே தோள், அதே கழுத்துச் சாய்வு. ஒரு மூச்சு விடும் நேரம் என் மகள் உயிரோடு இருந்தாள். பிறகு அவள் திரும்பினாள். செவெரினா.

“இன்னைக்கு ஒருநாள் அவளுக்காகப் போட்டுக்கிட்டேன் அம்மா. அவளே குடுத்த பழைய முக்காடுதான்,” என்றாள். கண் வீங்கியிருந்தது.

நான் கோபப்படவில்லை. மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாக்லேட் காய்ச்சிக் கொடுத்தேன். குடிக்கும்போது அவள் கன்னத்தைப் பார்த்தேன். ஒரு தழும்பு இல்லை. அங்கியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“இதை எரிக்கலையா அம்மா?”

“பெட்டிய விட்டு வெளியவே வரலடி. அவ ஒரு நாள்கூடப் போடல.”

“நான் போட்டா தெருவுலயே உரிச்சுடுவாங்களே.”

“வீட்டுக்குள்ள போட்டுக்கோ. கதவைச் சாத்திட்டா எந்தக் காவலன் வந்து பார்க்கப்போறான்?”

என் கையை முத்தமிட்டாள். பருத்தி உடைக்கு அடியில், உடம்போடு ஒட்டியே போட்டுக்கொண்டாளாம், தூங்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். வெளியே காட்டக்கூடாத ஒன்றை மனிதர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். தையலுக்கு வந்துபோனவர்கள் வழியாக அந்தத் தெருவில் நான்கு வீட்டில் ஆறு குழந்தைகளுக்கும் அம்மை என்கிறீர்கள். அந்தக் குழந்தைகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். அவள் சாக வேண்டும் என்றே கொடுத்தேன். இதில் வேறு யார் கையும் இல்லை.

இனி என் புகாரை எழுதுங்கள். நேற்றுப் பட்டப்பகலில் செவெரினாவைத் திறந்த பாடையில் என் பால்கனிக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். கிரிகோரியா அவளுக்கு அந்தப் பட்டு அங்கியையே உடுத்தியிருந்தாள். வீட்டுக்குள் மட்டும் என்று நான் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அம்மை போட்ட முகம், பச்சைப் பட்டு. மேலிருந்து பார்த்தால் என் லியோகாடியாவேதான். இப்படியெல்லாம் ஆகக்கூடாது என்றுதானே ஐயா, சட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.